எப்ப எடுக்கிறாங்க? – லண்டன் டூ சிட்னி, ஒரு தூரத்தின் கதை

லண்டனிலிருந்து சிட்னிக்கு சுமார் 17,000 கிலோமீட்டர். பூமியோட சுற்றளவு சுமார் 40,000. அதுல பாதி 20,000. பூமியில எந்த ரெண்டு ஊரை எடுத்தாலும் அதுக்கு மேல தூரம் இருக்க முடியாது, அதைத் தாண்டினா மறுபக்கமா திரும்பி வர ஆரம்பிச்சிடுவோம். அதனால லண்டன் – சிட்னிங்கறது மனுஷன் போகக்கூடிய அதிகபட்ச தூரத்துல கிட்டத்தட்ட 85 சதவீதம். இந்த ஒரு ரூட்டோட கதையைப் படிச்சா விமானப் போக்குவரத்து வரலாறே பாதி முடிஞ்ச மாதிரி.

ஆனா கிலோமீட்டர் கணக்கெல்லாம் கூகிள்ல தட்டினா வந்துடும் மக்களே. நம்ம வீடுகள்ல தூரத்தை அளக்க வேற ஒரு அளவுகோல் வெச்சிருக்கோம். சாவுச் சேதி வந்ததும் முதல் கேள்வி, "ஐயோ, எப்படி?" அடுத்த கேள்வி, "எப்ப எடுக்கிறாங்க?" அந்தப் பதிலைக் கேட்டதும் மனசுக்குள்ள பஸ் டைம், ரயில் டைம் எல்லாம் ஓடும். போய்ச் சேர முடிஞ்சா பக்கத்து ஊரு. முடியலைன்னா அது வெளிநாடு. மைலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

இந்தக் கணக்குல ரெண்டு கடிகாரம் இருக்கு. ஒண்ணு சேதி போற நேரம். இன்னொண்ணு ஆள் போற நேரம். இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ, அதுதான் நிஜமான தூரம். அந்த இடைவெளி லண்டன் – சிட்னி பாதையில எப்படி உண்டாச்சு, எப்படிச் சுருங்குச்சு, நடுவுல எப்படி திடீர்னு விரிஞ்சுதுன்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

சேதியும் ஆளும் ஒரே கப்பல்ல

1787 மே 13-ம் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல் கிளம்புது. உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலும் கைதிகள், கூடவே காவலுக்கு வந்த வீரர்கள். 1788 ஜனவரியில ஆஸ்திரேலியாவோட பாட்டனி பே வந்து சேர்றாங்க. எட்டு மாசப் பயணம். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான வருஷமா மக்கள் வாழ்ந்துட்டிருந்த கண்டத்துல, அந்தக் கப்பல்கள்ல வந்தவங்க போட்ட குடியிருப்புதான் பின்னாடி சிட்னி ஆச்சு.

அந்தக் காலத்துல கடிதமும் கப்பல்லதான் வரணும். லண்டன்ல அம்மா செத்துப் போன சேதி சிட்னிக்கு வரும்போது மாசக்கணக்கு ஆகியிருக்கும். கொடுமைதான். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. சேதியும் ஆளும் ஒரே வேகத்துலதான் போச்சு. "தெரிஞ்சும் போக முடியலையே"ங்கற தவிப்பு அதுல இல்லை. தெரியும்போதே எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்.

1869-ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க. நீராவிக் கப்பலும் நல்லா வளர்ந்துடுச்சு. பயணம் ஆறு வாரம் அளவுக்கு இறங்கிச்சு. பெரிய முன்னேற்றம். ஆனா அதே நேரத்துல கடலுக்கு அடியில வேற ஒரு வேலை நடந்துட்டிருந்தது.

மெட்ராஸ் வழியா ஒரு கம்பி

இது நம்ம ஊரு சமாச்சாரம். 1870-71 வாக்குல மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடியில தந்திக் கம்பி போட்டாங்க. லண்டனிலிருந்து பம்பாய் வரைக்கும் ஏற்கெனவே கம்பி வந்தாச்சு. பம்பாய் – மெட்ராஸ் தரை வழி. சிங்கப்பூர்லேர்ந்து ஜாவா, ஜாவாவிலேர்ந்து 1871-ல டார்வின். டார்வின்லேர்ந்து தெற்கே போர்ட் அகஸ்டா வரை பாலைவனத்தைக் குறுக்கா வெட்டி, சார்லஸ் டாட் தலைமையில சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கம்பம் நட்டு 1872 ஆகஸ்ட்ல முடிச்சாங்க.

அவ்வளவுதான். ஆறு வாரம் எடுத்த சேதி சில மணி நேரத்துல போக ஆரம்பிச்சிடுச்சு. லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவுல நடந்த நல்லது கெட்டது எல்லாம் மெட்ராஸ் தந்தி ஆபீஸ் வழியா 'கட கட'ன்னு போயிருக்கு.

நம்ம பாஷையில சொன்னா, லேட்டன்சி அடியோட விழுந்துடுச்சு. ஆனா டேட்டாவுக்குத்தான். மனுஷனுக்கு அதே ஆறு வாரம்தான். ரெண்டு கடிகாரமும் பிரிஞ்சது இங்கேதான். அப்பா இறந்துட்டார்னு இன்னிக்கே தெரியும். கப்பல் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தா கல்லறையில புல் முளைச்சிருக்கும். தந்தியைக் கண்டுபிடிச்சு மனுஷன் தூரத்தைக் குறைச்சான்னு பாடப் புத்தகம் சொல்லும். எனக்கென்னவோ, தூரத்தோட வலியே தந்தி வந்தப்புறம்தான் தொடங்கிச்சுன்னு தோணுது.

27 நாள், 20 மணி நேரம்

முதல் உலகப் போர் முடிஞ்சதும் ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு போட்டி வெச்சது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள்ள விமானத்துல வரணும். ஓட்டறவங்க ஆஸ்திரேலியர்களா இருக்கணும். பரிசு 10,000 பவுண்டு.

ராஸ் ஸ்மித், அவரோட அண்ணன் கீத் ஸ்மித், கூட பென்னட், ஷியர்ஸ்னு ரெண்டு மெக்கானிக். நாலு பேரும் விக்கர்ஸ் விமி விமானத்துல 1919 நவம்பர் 12 அன்னிக்கு லண்டன் பக்கத்துல ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினாங்க. போர்ல குண்டு போடறதுக்காக வடிவமைச்ச விமானம் அது. மேலே கூரை கிடையாது, குளிர் காத்து மூஞ்சியில அறையும். டிசம்பர் 10 டார்வின் வந்து இறங்கினாங்க. மொத்தம் 27 நாள் 20 மணி நேரம்.

இதுல எனக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. அந்த 668 மணி நேரத்துல அவங்க நிஜமா பறந்தது சுமார் 136 மணி நேரம்தான். அஞ்சுல ஒரு பங்கு. மீதி நேரமெல்லாம் மழை, சேறு, ரிப்பேர், எரிபொருள் நிரப்பறது, தூங்கறது. ஜாவாவில சுரபாயாவுல இறங்கினப்ப சக்கரம் சேத்துல புதைஞ்சு போச்சு. ஊர் ஜனங்க மூங்கில் பாய்களைக் கொண்டு வந்து வரிசையா விரிச்சு ஓடுபாதை போட்டுக் கொடுத்தாங்க. பாய் மேல ஓடித்தான் விமானம் கிளம்பிச்சு. பரிசுப் பணத்துல அவங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இதே போட்டியில கிளம்பின வேற ரெண்டு விமானம் விழுந்து நாலு பேர் இறந்துட்டாங்க. பேரர், மக்கின்டாஷ்னு ரெண்டு பேர் ஓட்டை விமானத்துல 1920 ஜனவரியில கிளம்பி, உடைஞ்சு, ஒட்டி, திரும்ப உடைஞ்சு, ஆகஸ்ட்ல டார்வின் போய்ச் சேர்ந்தாங்க. 206 நாள். கைதிக் கப்பலைவிட ஒன்றரை மாசம்தான் முன்னாடி! பரிசெல்லாம் எப்பவோ போயிடுச்சு, ஆனாலும் கிளம்பினதை முடிச்சாங்க பாருங்க, அந்தப் பிடிவாதம் பிடிச்சிருக்கு.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் நாள் குறைஞ்சுது. 1928-ல பெர்ட் ஹிங்க்ளர் தனி ஆளா பதினஞ்சரை நாள்ல டார்வின் வந்தார். (இந்தப் பதினஞ்சரையை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.) 1930-ல ஏமி ஜான்சன் தனியா வந்து சேர்ந்தாங்க, அந்தப் பாதையில தனியா பறந்த முதல் பெண். 1934-ல லண்டன் – மெல்பர்ன் ரேஸ். ஸ்காட், காம்ப்பெல் பிளாக் ரெண்டு பேரும் மூணு நாளுக்குள்ள, 71 மணி நேரத்துல மெல்பர்னுக்கு வந்துட்டாங்க. ரெண்டாவது வந்தது ரேஸ் விமானமே இல்லை, ஆளுங்களையும் தபாலையும் ஏத்திட்டு வந்த டச்சுக்காரங்களோட பயணிகள் விமானம். அது ராத்திரி புயல்ல வழி தெரியாம அலைஞ்சப்ப, ஆல்பரிங்கற சின்ன ஊர்க்காரங்க தெரு விளக்கையெல்லாம் அணைச்சு அணைச்சு ஏத்தி மோர்ஸ் குறியீட்டுல ஊர்ப் பேரைச் சொன்னாங்க. அப்புறம் கார்களைக் குதிரைப் பந்தய மைதானத்துல நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்துல இறக்கினாங்க. பாய் விரிச்ச சுரபாயா, விளக்கு போட்ட ஆல்பரி. நடுவுல இருந்த ஊர் ஜனங்க இல்லாம இந்தப் பாதை உருவாகியே இருக்காது.

டிக்கெட் வாங்கிப் போகலாம், காசு இருந்தா

1935 ஏப்ரல்ல பிரிஸ்பேன் – லண்டன் முழுத் தூரத்துக்கும் பயணிகள் சேவை வந்தது. சிங்கப்பூர் வரை குவாண்டாஸ் எம்பயர், அங்கிருந்து இம்பீரியல் ஏர்வேஸ். பன்னிரண்டரை நாள். ஒரு வழி டிக்கெட் 195 பவுண்டு. தமாஷ் என்னன்னா, நடுவுல ரயிலும் உண்டு. இத்தாலி வானத்துல பறக்க அனுமதி கிடைக்காததால பாரிஸுக்கும் பிரிண்டிசிக்கும் நடுவுல பயணிகளை ரயில் ஏத்தி அனுப்பினாங்க. என்னதான் இறக்கை இருந்தாலும் கீழே இருக்கற ராஜாங்கம் "சரி"ன்னு சொன்னாத்தான் மேலே பறக்க முடியும். இந்த விஷயம் இந்தக் கதையில திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பாதை கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர்னு போச்சு. தந்தி மெட்ராஸ் வழியா போச்சு, விமானம் போகலை. தெற்கே நம்மளை விட்டுட்டாங்க. லண்டன் தபாலைக் கராச்சியில வாங்கி இந்தப் பக்கம் கொண்டு வரத்தான் 1932 அக்டோபர் 15 அன்னிக்கு ஜே.ஆர்.டி. டாடா சின்ன பஸ் மாத் விமானத்துல கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிட்டு வந்தார். (பஸ்னு பேர்ல இருக்கே தவிர குட்டி விமானம்தான்.) பம்பாயிலிருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். பின்னால ஏர் இந்தியாவா வளர்ந்தது இந்தச் சேவைதான். லண்டன் – ஆஸ்திரேலியா மெயின் லைன்ல நமக்குக் கிடைக்காத ஸ்டேஷனுக்கு டாடா போட்ட கிளை லைன்னு வெச்சுக்கலாம்.

1938-ல பறக்கும் படகுகள் வந்தது. தண்ணியில இறங்கி தண்ணியிலேயே ஏறும். சவுதாம்ப்டன்லேர்ந்து சிட்னி ரோஸ் பே வரை ஒன்பது, பத்து நாள். ராத்திரி பறக்க மாட்டாங்க, ஓட்டல்ல தூங்கிட்டு காலையில கிளம்பணும். சுகமான பயணம். நாலு வருஷம்தான் நீடிச்சுது.

ரெண்டு சூரியோதயம்

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்தது. பர்மாவும் ஜாவாவும் தொடர்ந்து விழுந்துச்சு. ஊர் ஊரா கோர்த்து வெச்சிருந்த மாலை நடுவுல அறுந்து போச்சு. 17,000 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கு. பாதைதான் இல்லை.

அப்ப கண்டுபிடிச்ச மாத்து வழியைக் கேட்டா இன்னிக்கும் வயித்தைக் கலக்கும். பெர்த் நகரத்து ஸ்வான் ஆத்துலேர்ந்து, இலங்கையில காலிக்குப் பக்கத்துல இருக்கற கொக்கல ஏரி வரைக்கும், இந்துமாக்கடலைக் குறுக்கா, நடுவுல எங்கேயும் இறங்காம ஒரே தம். சுமார் 5,650 கிலோமீட்டர். விமானம் கேட்டலினா பறக்கும் படகு. ஆளு ரொம்ப நிதானம், மணிக்கு 200 கிலோமீட்டர் தொட்டா அதிகம். அதனால பறக்கற நேரம் 27 முதல் 33 மணி. கிளம்பின நாள் ஒரு சூரியோதயம், மறுநாள் ஒரு சூரியோதயம், ரெண்டையும் ஆகாயத்துலேர்ந்தே பார்ப்பாங்க. அதனால இதுக்கு 'இரட்டைச் சூரியோதயம்'னே பேரு. பயணம் செஞ்சவங்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்'னு சான்றிதழ் வேற குடுத்தாங்க.

எதிரி காதுல விழும்னு ரேடியோ பேச மாட்டாங்க. ஜப்பான்காரங்க பறக்கற பகுதியை இருட்டுல கடக்கற மாதிரி நேரம் பார்த்துக் கிளம்புவாங்க. ஜிபிஎஸ் எல்லாம் கனவுலகூட கிடையாது. வேகம், திசை, நேரம் மூணையும் பெருக்கிக் கூட்டி "இப்ப இங்க இருக்கணும்"னு கணக்குப் போடறது. கூடவே செக்ஸ்டன்ட் வெச்சு நட்சத்திரம் பார்த்து அதைத் திருத்திக்கறது. இந்தக் கணக்குல தப்பு சேர்ந்துக்கிட்டே போகும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 5,650 கிலோமீட்டருக்கு திசை ஒரே ஒரு டிகிரி பிசகினா கடைசியில கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி நிப்பீங்க. இந்துமாக்கடல்ல 100 கிலோமீட்டர் தள்ளி நின்னா சுத்தி தண்ணிதான்.

இவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் ரொப்பினா வேற எதுக்கும் இடமில்லை. பயணிகள் அதிகபட்சம் மூணு பேர். கூட சுமார் 69 கிலோ தபால். அவ்வளவுதான் லோடு. 1943 நடுவுல ஆரம்பிச்சு 1945 வரை 271 தடவை கடந்தாங்க. ஒரு பயணிக்கும் ஆபத்து வரலை. அறுந்த மாலையை மூணு மூணு பேரா, 69 கிலோ 69 கிலோவா கட்டினாங்க. கொக்கலவிலிருந்து கராச்சி, அங்கிருந்து லண்டன்.

கொக்கல பத்தி ரெண்டு வரி சொல்லாம போக மனசு வரலை. 1942 ஏப்ரல்ல அந்த ஏரியிலேர்ந்து கிளம்பின கேட்டலினாதான் இலங்கையைத் தாக்க வந்துட்டிருந்த ஜப்பான் கடற்படையை முதல்ல பார்த்துத் தகவல் சொன்னது. ஓட்டினவர் கனடாக்காரர், லியோனார்ட் பிர்ச்சால். சுட்டு வீழ்த்தப்பட்டு, கைதாகி, போர் முடியற வரை ஜப்பான் சிறையில இருந்தார். இந்தப் பக்கம் இன்னொரு கதை. விமானத்தளம் போடறதுக்காகக் கொக்கல கிராமத்து ஜனங்களை வெளியேத்தி வீடுகளை இடிச்சாங்க. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு எப்படியோ தப்பிச்சுது, இன்னிக்கு அது அருங்காட்சியகம். லண்டனும் சிட்னியும் கிட்ட வரணும்னா நடுவுல யாரோ ஒருத்தர் ஊரைக் காலி பண்ண வேண்டியிருந்தது.

நாலு நாள், ஒன்றரை நாள், ஒரு நாள்

1947 டிசம்பர் 1. சிட்னியிலிருந்து கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோட லண்டனுக்குக் கிளம்பிச்சு. கம்பெனி மாறாம முழுத் தூரமும் குவாண்டாஸே ஓட்டின 'கங்காரு ரூட்' அன்னிக்குத்தான் தொடங்கிச்சு. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலின்னு குதிச்சுக் குதிச்சு நாலு நாள். பொருத்தமான பேருதான்.

சரி, நாலு நாள்ல போயிடலாமே, "எப்ப எடுக்கிறாங்க"ன்னு கேட்டுட்டுக் கிளம்பலாமேன்னு தோணும். போக வர டிக்கெட் 585 பவுண்டு ஸ்வாமி! அதே வருஷங்கள்ல பிரிட்டன்லேர்ந்து லட்சக்கணக்கானவங்க பத்துப் பவுண்டு சலுகைத் திட்டத்துல ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறினாங்க. பெரும்பாலும் கப்பல்ல, வாரக்கணக்குப் பயணம். ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பினா முழுக் கட்டணத்தையும் கட்டணும்னு நிபந்தனை வேற. பத்துப் பவுண்டு குடுத்து வந்தவனுக்கு அம்மா போயிட்டான்னு தந்தி வந்தா அவன் எங்கேர்ந்து போறது? தலைக்கு மேல விமானம் பறக்குது. அது அவனுக்கு இல்லை. ஆக ஆள் போற கடிகாரம்கூட எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. பர்ஸைப் பொறுத்து வேகமா ஓடும், மெதுவா ஓடும்.

1959-ல போயிங் 707 ஜெட் வந்து பயணம் ஒன்றரை நாள் அளவுக்கு இறங்கிச்சு. 1971-ல குவாண்டாஸுக்கு ஜம்போ வந்தது. நேரத்தைவிட டிக்கெட் விலையைக் குறைச்சதுதான் ஜம்போவோட பெரிய சாதனை. சாதாரணக் குடும்பம் விமானத்துல ஏறினது அதுக்கப்புறம்தான். 1983-க்கு அப்புறம் யாழ்ப்பாணத்திலிருந்து சிதறின எத்தனையோ குடும்பங்கள்ல அண்ணன் லண்டன், தங்கச்சி சிட்னின்னு ஆச்சு. தாத்தா காலத்துல அவங்க ஒருத்தரை ஒருத்தர் திரும்பப் பார்த்திருக்கவே மாட்டாங்க. ஜம்போ இருந்ததால கல்யாணத்துக்கும் கருமாதிக்குமாவது பார்த்துக்கறாங்க.

1989 ஆகஸ்ட்ல ஒரு புது 747-400 லண்டன்லேர்ந்து சிட்னிக்கு நடுவுல எங்கேயும் நிக்காம பறந்து வந்தது. 20 மணி 9 நிமிஷம். ஆனா காசு குடுத்து ஏறின பயணி ஒருத்தர்கூட இல்லை. கனமான ஸ்பெஷல் எரிபொருளை விளிம்பு வரை ரொப்பி, வீணாகக் கூடாதுன்னு ஓடுபாதை வரை டிராக்டர் கட்டி இழுத்துட்டுப் போய் விட்டாங்க. கேட்டலினாவோட அதே பிரச்சினைதான். எரிபொருள் ஏத்தணுமா, ஆளை ஏத்தணுமா? நீளப் பயணத்துல எரிபொருளைச் சுமக்கறதுக்கே எரிபொருள் செலவாகும். கடைசி சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ரொம்பக் காஸ்ட்லி.

அதனாலதான் ஜெட் வந்து அறுபது வருஷத்துக்கு மேல ஆகியும் லண்டன் – சிட்னி ஒரு நாள் அளவுலேயே நிக்குது. 2018 மார்ச்சில பெர்த் – லண்டன் நேரடி சேவை தொடங்கிச்சு, சுமார் 14,500 கிலோமீட்டர், 17 மணி சொச்சம். 2019 நவம்பர்ல ஐம்பது பேர் சொச்சத்தை மட்டும் ஏத்திக்கிட்டு லண்டன் – சிட்னி நேரடியா 19 மணி 19 நிமிஷத்துல சோதனை ஓட்டம் விட்டாங்க. இதை வாடிக்கையான சேவையா மாத்த 2022-ல 12 ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு ஆர்டர் குடுத்தாங்க. கூடுதலா 20,000 லிட்டர் டாங்க், அதுக்குப் பதிலா குறைச்சலான சீட், மொத்தம் 238. திட்டத்துக்கு வெச்ச பேரு 'சூரியோதயம்'. கேட்டலினா நினைவாத்தான்.

கடிகாரம் பின்னாடி ஓடின கதை

நேரம் குறைஞ்சுக்கிட்டேதான் போகும், தொழில்நுட்பம் எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நம்ம துறையில இருக்கறவங்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. ரெண்டு சம்பவம் சொல்றேன்.

2024 ஏப்ரல்ல ஈரான் – இஸ்ரேல் பதற்றம். அந்த வானத்தைத் தவிர்த்துச் சுத்திப் போகணும். சுத்திப் போனா டாங்க் பத்தாது. பெர்த் – லண்டன் நேரடி விமானம் சிங்கப்பூர்ல இறங்கி எரிபொருள் போட்டுட்டுப் போச்சு. திரும்பி வர்றப்ப பின்காத்து தள்ளறதால நிக்காம வந்துட்டாங்க. 1942-ல போர் வந்து சிங்கப்பூரைப் பாதையிலேர்ந்து பிடுங்கிச்சு. 2024-ல வேற ஒரு போர் சிங்கப்பூரைத் திரும்பப் பாதையில கொண்டு வந்து வெச்சது.

ரெண்டாவது, கோவிட். 2020 மார்ச் 20-ம் தேதி ஆஸ்திரேலியா எல்லையை மூடிச்சு. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. சில நாள்லேயே சொந்தக் குடிமக்களும் அனுமதி இல்லாம வெளியே போகக்கூடாதுன்னு தடை. அனுமதி வாங்கிப் போனாலும் திரும்பி வர சீட்டு கிடைக்கறது குதிரைக் கொம்பு. அப்படியே வந்தாலும் 14 நாள் ஓட்டல்ல அடைபட்டுக் கிடக்கணும். ஒரு நாள் பயணம், 14 நாள் தனிமை. மொத்தம் பதினஞ்சு நாள்.

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, ஹிங்க்ளரோட பதினஞ்சரை நாள், 1928? அங்கேயே கொண்டு போய் விட்டுடுச்சு. தொண்ணூறு வருஷ விமானப் பொறியியல் ஒரு அரசாணையில காணாமப் போச்சு. விமானம் இருந்தது, எரிபொருள் இருந்தது, ஓட்ட ஆள் இருந்தாங்க. விடறதுக்கு ராஜாங்கம் இல்லை.

அதுலேயும் சேதி போற கடிகாரம் ஒரு நொடிகூட நிக்கலை. வீடியோவுல அப்பாவைக் குளிப்பாட்டறதைப் பார்க்கலாம், மாலை போடறதைப் பார்க்கலாம், எடுக்கறதைப் பார்க்கலாம். போகத்தான் முடியாது. 1872-ல தொடங்கின இடைவெளி அவ்வளவு அகலமா அதுக்கு முன்னாடி விரிஞ்சதே இல்லைன்னு நான் சொல்வேன். தந்தியில வார்த்தை மட்டும்தான் வந்தது. இதுல முகமே வந்தது.

2021 நவம்பர்ல தடை தளர்ந்துச்சு. சிட்னி – லண்டன் விமானம் திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப பெர்த் பக்கத்து மாநில எல்லை இன்னும் திறக்கலை. அதனால எங்கே நின்னு போச்சு தெரியுமா? டார்வின்ல. ஸ்மித் அண்ணன் தம்பி 1919-ல வந்து இறங்கின அதே ஊரு.

அதனால யாராவது "உலகம் சுருங்கிடுச்சு"ன்னு சொன்னா நான் உடனே தலையாட்டறதில்லை. விசா, விலை, வானம், வைரஸ் நாலும் ஒத்துக்கற வரைக்கும் சுருங்கியிருக்கு. அதுல ஒண்ணு முறைச்சா 17,000 கிலோமீட்டரும் பழையபடி நீண்டு படுத்துக்கும்.

உங்க குடும்பத்துலேயும் இப்படிப் போய்ச் சேர்ந்த கதை, சேர முடியாத கதை இருக்கும். பின்னூட்டத்துல எழுதுங்க. கணக்குல சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, சண்டைக்கு நான் ரெடி :-)

கொசுறு: 1919-ல பறந்த விமி இன்னிக்கும் அடிலெய்ட் விமான நிலையத்துல இருக்கு. 1989-ல நிக்காம பறந்த 747 சிட்னிக்குத் தெற்கே ஒரு விமான அருங்காட்சியகத்துல நிக்குது. ஆனா போர்க்காலத்துல 271 தடவை கடலைத் தாண்டின அஞ்சு கேட்டலினாவுல ஒண்ணுகூட மிஞ்சலை. அமெரிக்காவிடம் கடன்-குத்தகை ஒப்பந்தத்துல வாங்கினது, வேலை முடிஞ்சா திருப்பித் தரணும், இல்லைன்னா அழிக்கணும். போர் முடிஞ்சதும் அஞ்சையும் ஆஸ்திரேலியக் கரையோரக் கடல்ல மூழ்கடிச்சுட்டாங்க.